பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் படிக்க முடியவில்லையா? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிமுறை

குடும்ப வரலாறு தேடக் கிளம்பும் பலரும் முதலில் கேட்பது இதுதான்: "அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் வீடு இருக்குமே, அதை எங்கே பார்க்கலாம்?" பார்க்க முடியாது. அப்போது நம் மாவட்டம் இருந்த திருவிதாங்கூரில் 1875 மே மாதம் முறையான கணக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகும் வரிசையாக நடந்தது. ஆனால் அச்சில் வந்த அறிக்கைகளில் தாலுகா வாரியாகத் தலைக்கணக்குதான் கிடைக்குமே தவிர, ஆள் பெயர் கிடைக்காது. சுதந்திரத்துக்குப் பின் எடுத்த கணக்கின் வீட்டுத் தாள்களை 1948-ம் ஆண்டுச் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட அவற்றைக் கேட்க முடியாது.

ஆகவே நம் கைக்கு வருவது வேறு வகை ஏடுகள். கோயிலிலும் சபையிலும் இருக்கும் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்), பாகப்பிரிவினை, பகுதிக் கச்சேரியிலிருந்து (கிராம அலுவலகம்) வந்த தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) நகல், பள்ளிக்கூடச் சேர்க்கைப் புத்தகம். கத்தோலிக்கப் பங்குகளில் வீடு வீடாக எழுதி வைக்கும் ஏட்டை லத்தீனில் 'ஸ்டேட்டஸ் அனிமாரும்' என்பார்கள். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது எல்லாம் இருக்கும். உண்மையில் அதுவே ஊர் எடுத்த ஒரு கணக்கெடுப்புதான்.

இந்த ஏடுகளோடு உட்கார்ந்தால் வரும் தொல்லைகளைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பாதித் தொல்லைக்குக் காரணம் கையெழுத்தே இல்லை. எழுதியவர் பின்பற்றிய முறை நமக்குப் பழக்கம் விட்டுப்போனதுதான்.

ஒரு வரிகூட ஓடவில்லை, எல்லாம் கோழிக் கிறுக்கல்

உங்கள் தாத்தா பெயரை உடனே தேடாதீர்கள். தேடும் பெயரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்தக் கிறுக்கலும் அந்தப் பெயராகத்தான் தெரியும்.

எழுதியவரின் கையை முதலில் படிக்க வேண்டும். அதற்கு, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த சொற்களைப் பிடியுங்கள். குடும்பப் பதிவேட்டில் 'மனைவி' ஒவ்வொரு வீட்டிலும் வரும். அந்த ஒரு சொல்லிலிருந்து ம, வி ஆகியவை கிடைக்கும். 'னை' என்பதற்கு அவர் போடும் பழைய உருவமும் கிடைக்கும். 'ஞானஸ்நானம்' கிடைத்தால் ஞ, ஸ, ந மூன்றும் கைக்கு வந்துவிடும். 'வயது' என்ற தலைப்பிலிருந்து வ, ய, து. ஆதாரமாக இருந்தால் முதல் பத்தி எப்போதும் ஒரே வாய்ப்பாடுதான்: இன்ன தாலுகா, இன்ன பகுதி, இன்ன தேசம், இன்ன வீட்டில் இன்னார் மகன் இன்னார். தாலுகாவும் பகுதியும் உங்களுக்கு முன்பே தெரியும். 'அகஸ்தீஸ்வரம்' என்ற ஒரே சொல்லில் எத்தனை எழுத்து அகப்படுகிறது பாருங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் அ முதல் ன வரை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அவர் போட்ட உருவத்தை அப்படியே வரைந்து வையுங்கள். ஒரே எழுத்தைச் சொல்லின் முதலில் ஒரு விதமாகவும் கடைசியில் அவசரத்தில் வேறு விதமாகவும் போட்டிருப்பார், இரண்டையும் வரைந்துகொள்ளுங்கள். பதிவேட்டில் கை மாறினால், அதாவது உபதேசியாரோ குமாஸ்தாவோ மாறியிருந்தால், புதுத் தாள். பழைய தாளை வைத்துப் புதுக் கையைப் படிக்கக் கூடாது.

இங்கே ஒரு பொறி உண்டு. 'மகன்', 'மகள்' இரண்டிலும் கடைசி எழுத்தை இழுத்துவிட்டிருப்பார்கள். ஆணா பெண்ணா என்பதே அதில் தொங்கும். அவர் எழுதிய 'பிள்ளை'யைத் தேடி அதில் ள எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

எழுத்து தெரிகிறது, ஆனால் பெயர் கூடிவரவில்லை

பழைய கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்டாமல் ஒரே கொம்பைப் போட்டிருப்பார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடுதான்.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் தெரிவது 'பாககியராசன'. ப-வுக்கு அடுத்து ஒரு கோடு, ய-வுக்கு அடுத்து அதே மாதிரி இரண்டு கோடு. மூன்றும் அச்சு அசல் ஒன்றே. முதல் கோடு கால், இரண்டாவது ர, மூன்றாவது மறுபடி கால். க இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி, கடைசி ன-வுக்கும் புள்ளி. பாக்கியராசன். இப்படிப் படிக்கும்போது முதலில் கண்ணில் பட்டதைப் புள்ளி சேர்க்காமல் அப்படியே ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் கூட்டிய பெயரை எழுதுங்கள். இரண்டு வரியும் இருந்தால்தான் பிறகு வேறொருவர் சரிபார்க்க முடியும்.

'தெவசகாயம' என்றிருந்தால் தேவசகாயம். நட்டாலத்துப் புனிதரின் பெயர் என்பதால் மாவட்டத்தில் எந்தக் கத்தோலிக்கப் பதிவேட்டைத் திறந்தாலும் ஒரு தேவசகாயமாவது இருப்பார். அவர் உங்கள் தேவசகாயம்தானா என்பதை வீட்டுப்பேரும் மனைவி பெயரும்தான் சொல்ல வேண்டும்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய உருவங்களையும் கவனிக்க வேண்டும். ணா, றா, னா ஆகிய மூன்றும் காலைத் தனியாகப் போடாமல் கீழே சுழித்து ஒட்டி எழுதப்பட்டன. ணை, னை, லை, ளை நான்குக்கும் முன்னால் ஐகாரக் கொம்பு வராது. எழுத்தின் தலையிலேயே ஒரு வளைவு ஏறும். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இளையவர்கள் பழைய புத்தகம் ஒன்றை ஒரு மணி நேரம் புரட்டினால் போதும்.

வருஷம் 1068 என்கிறது

கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி). அதனால் ஆதாரத்திலும் சர்க்கார் ஏட்டிலும் கொல்லம்தான் ஓடும். இங்கிலீஷ் தாள்களில் எம்.இ. (மலையாளம் எரா) என்று சுருக்கியிருப்பார்கள்.

825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் ஆண்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருஷத்தில் நாலரை மாதத்துக்கு அது தப்பு. நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிற வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. கொல்லம் 1090 ஆவணியில் பிறந்த பிள்ளை 1914-ல் பிறந்தது. அதே 1090 ஆடியில் பிறந்தது 1915. ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு மாதத்தை விட்டால், அண்ணன் தம்பி வயது வித்தியாசமே குழம்பிவிடும்.

மாதப் பெயர் மலையாள வழக்கில் இருக்கலாம்: சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. மேடமும் மீனமும் மோசமான கையில் ஒன்றுபோலவே இருக்கும். 'க' என்று மட்டும் சுருக்கியிருந்தால் கன்னியா, கர்க்கடகமா என்று தெரியாது. அப்போது முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பாருங்கள். பதிவேடு தேதி வரிசையில் போவதால், முந்தியதும் பிந்தியதும் கர்க்கடகமாக இருந்தால் நடுவில் கன்னி வர வழியில்லை. கிழமை எழுதியிருந்தால் இன்னும் நல்லது. பழைய பஞ்சாங்கத்தில் பொருத்திப் பார்த்து முடிவு கட்டிவிடலாம்.

சில இடத்தில் நூற்றாண்டை விட்டுவிட்டு '99-மாண்டு' என்று மட்டும் இருக்கும். பெருவெள்ளம் வந்த 1099, அதாவது 1924, பெரியவர்கள் வாயில் தொண்ணூற்றொன்பதுதான். அந்தப் பழக்கம் ஏட்டிலும் உண்டு.

எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது

தமிழ் எண்கள். க ஒன்று, உ இரண்டு, ச நான்கு, ரு ஐந்து, சு ஆறு, எ ஏழு, அ எட்டு, கூ ஒன்பது என்று உருவத்தை வைத்து நினைவில் கொள்ளலாம். மூன்று மட்டும் ங, ந இரண்டையும் குழப்பியது போல இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். எட்டேகால் லட்சணம் என்று ஒருவரைத் திட்டுவது எதனால் என்று தெரிந்தவர்களுக்கு, எட்டு அ என்பதும் கால் வ என்பதும் மறக்காது.

ஒரு வரியை உடைத்துப் பார்ப்போம்:

௲௬௰௮ ௵ மேட ௴ ௰௨ ௳

ஆயிரம், ஆறு பத்து, எட்டு: 1068. அடுத்த குறி வருஷம். மேடம், அதன் பின் மாதக் குறி. பத்தும் இரண்டும் 12, கடைசியில் தேதிக் குறி. மேடம் என்பதால் 825-ஐக் கூட்ட வேண்டும்: 1893 ஏப்ரல் கடைசி வாரம். மாதக் குறி அவசரத்தில் 'மீ' போலத் தெரியும். அதை மீனம் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் பின்னால் போய்விடுகிறவர்கள் உண்டு.

ஆயிரம், பத்துக் குறிகளை விட்டுவிட்டு நடுவில் சைபர் போட்டு 'க0சுஅ' என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் 1068தான்.

பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் உ எண் இல்லை, பிள்ளையார் சுழி. பெயருக்கு முன்னால் வரும் அ எட்டு இல்லை, இனிஷியல். ஆதாரத்தில் தொகை எழுதும் இடத்தில் ரூ, ச, கா என்று மூன்று கட்டம் இருந்தால், நடுவில் உள்ள ச நான்கும் இல்லை, சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு.

ஒரே சொல் எல்லா வரியிலும் வருகிறது

'ஷை' அல்லது 'ஷெ' போல இருக்கிறதா? மேற்படி. பழைய குறி ௸. மேல் வரியில் உள்ளதேதான் இங்கும் என்று பொருள். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஊர்க் கட்டத்தில் இருந்தால் ஊர், தகப்பன் கட்டத்தில் இருந்தால் தகப்பன். பக்கம் திரும்பியதும் முதல் வரியில் இது வந்தால் முந்திய பக்கத்தின் கடைசி வரிக்குப் போக வேண்டும். படம் எடுக்கும்போது 'நம் பக்கம்' மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எப்போதும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று சேர்த்து எடுங்கள்.

லத்தீன் பதிவேட்டில் நம் ஆளையே காணோம்

இருப்பார், வேறு பெயரில். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், சந்தியாகு யாக்கோபுஸ். தேவசகாயம் என்றால் லாசருஸ் என்ற பெயரில் தேடுங்கள்.

அடுத்தது, பெயரின் வால் மாறும். பிள்ளைக்கு நேராகப் 'பேத்ருஸ்' என்று எழுதுகிற அதே கை, தகப்பன் பெயராக வரும்போது 'பேத்ரி' என்று எழுதும். பேத்ருஸின் மகன் என்ற வேற்றுமை அது. இருவேறு ஆள் என்று நினைத்து வம்சாவளியில் ஒரு தலைமுறையைக் கூடுதலாக நுழைத்துவிடாதீர்கள். 'பிலியுஸ்' மகன், 'பிலியா' மகள்; இவை பக்கம் முழுக்க வருவதால் எழுத்து அட்டவணைக்கு நல்ல தொடக்கம்.

மாதத்தில் உள்ள பொறிதான் பெரியது. 7 என்று எழுதிப் பக்கத்தில் 'பிரிஸ்' என்று சின்னதாக இருந்தால் ஏழாம் மாதமான ஜூலை என்று எடுக்கத் தோன்றும். அது செப்டம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அந்த ஒலிக்காகத்தான் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது அதற்குரிய, பெருக்கல் குறி போன்ற ரோமன் எண் டிசம்பர்.

இங்கிலீஷ் பதிவேட்டில் பெயர் விசித்திரமாக இருக்கிறது

மயிலாடியில் 1806-ல் ரிங்கல்தௌபே வந்து தொடங்கிய லண்டன் மிஷன் சபைகளின் பழைய தாள்கள் பல இங்கிலீஷில் இருக்கும். வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியது அது. அகரத்துக்கு 'யு', ஊகாரத்துக்கு இரண்டு 'ஓ', ஈகாரத்துக்கு இரண்டு 'ஈ'. நல்லதம்பியின் முதல் எழுத்துக்கு அடுத்து 'யு' வந்தால் நுல்ல என்று படிக்க வேண்டாம். கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுப் படித்தால் பெயர் தானே விழும். இரண்டு 'எஸ்' சேர்ந்து வரும் இடத்தில் முதலாவதை நீட்டி 'எஃப்' போல எழுதுவது அக்கால வழக்கம்.

திடீரென்று ஒரு முழு இங்கிலீஷ் பெயர் வந்தால் படிப்பதில் கோளாறு என்று எண்ண வேண்டாம். போர்டிங் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, செலவை ஏற்ற சீமை உபகாரியின் பெயரை இடும் வழக்கம் இருந்தது.

தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் மாமன் பெயர் வருகிறது

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்ப ஆதாரங்களில் இது சகஜம். மருமக்கள் வழியில் சொத்து மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போனது. காரணவர் என்றால் குடும்பத்தின் மூத்த ஆண், அனந்தரவன் என்றால் வாரிசு மருமகன். 'அனந்தரவன்' என்பதை 'அனந்தராமன்' என்று பெயராக்கி, இல்லாத ஒருவரை வம்சத்தில் உட்கார வைத்திருக்கும் குடும்ப மரங்களைப் பார்க்கலாம். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். 'இன்னார் அனந்தரவன் இன்னார்' என்று இரண்டு பெயருக்கு நடுவில் நின்றால் அது உறவு.

கொல்லம் 1101-ல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு இந்த முறை கரைந்தது. அதற்கு முந்தைய ஆதாரங்களை வைத்து மரம் வரைகிறவர்கள் தாய்வழியைத் தனி மையில் வரைவது நல்லது.

பெயருக்கு முன்னால் நிற்கும் படிக்க முடியாத சொல், பெரும்பாலும் வீட்டுப்பேர் அல்லது விளையின் (தோட்டத்தின்) பேராக இருக்கும். அது விளை, கோணம், கரை, குழி, விளாகம், புத்தன்வீடு என்று ஏதோ ஒன்றில் முடியும். கடைசிப் பாதியைப் பிடித்துவிட்டால் முதல் பாதியை ஊர்ப் பெரியவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். தாலுகா பெயராக இரணியல் வந்தால் திகைக்க வேண்டாம். அது முன்பு தனித் தாலுகாவாக இருந்தது.

எழுத்தே மலையாளம்

கல்குளம், விளவங்கோடு பக்கம் இது அதிகம். மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் போய் "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால் அவர் சாரத்தைச் சொல்வார். சாரத்தில் பெயர்கள் உருமாறிவிடும். "ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படியுங்கள்" என்று கேட்டு, காதில் விழுவதை அப்படியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளலாம். சொல்லில் பாதி தமிழாகவே இருப்பது கேட்டதும் புரியும். மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் பழைய ஆதாரம் எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் அவர்களை விடாதீர்கள். பழைய கூட்டெழுத்து இப்போது பள்ளியில் மலையாளம் படித்தவர்களுக்கே தடுமாறும்.

மை மங்கிவிட்டது, பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது

தண்ணீர் தொட்டுத் துடைப்பது, எண்ணெய் தடவுவது, லேமினேட் செய்வது மூன்றும் வேண்டாம். பின்பக்க எழுத்து ஊடுருவினால் தாளின் அடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்துப் படம் எடுங்கள். பாதி தொல்லை அடங்கிவிடும். பழுப்பேறிய பழைய மை என்றால், படத்தைத் திருத்தும் செயலியில் நீல வண்ண அடுக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் எழுத்து கறுத்து எழும். பேனா அழுத்திய பள்ளம் மட்டும் மிச்சம் இருந்தால் அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். ஓலைக்கும் இதுவே போதும். அடுத்தவர் வீட்டு ஓலையில் கரி பூசிப் படிக்கக் கிளம்ப வேண்டாம்.

வயது ஒத்துவரவில்லை

30, 35, 40 என்று முழுசாக இருக்கும் வயதை நம்பாதீர்கள். கேட்டவரும் குத்துமதிப்பாகக் கேட்டார், சொன்னவரும் குத்துமதிப்பாகச் சொன்னார். எழுத்து தெளிவாக இருப்பதால் தகவல் சரி என்று ஆகிவிடாது.

எல்லாம் செய்தும் ஒரு எழுத்து தீரவில்லை

அந்த எழுத்தின் இடத்தில் ஒரு கட்டம் போட்டு விடுங்கள். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஊகத்தில் நிரப்பிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது ஊகம் என்பதே தெரியாமல் போய்விடும்.

பிறகு அதே ஆளை வேறு ஏட்டில் தேடுங்கள். ஞானஸ்நானத்தில் கிறுக்கிய பெயர் திருமணப் பதிவில் வேறொரு கையில் தெளிவாக இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் தகப்பன் கட்டத்தில் இருக்கும், அல்லது யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்த ஆதாரத்தில் சாட்சிக் கையெழுத்தாக இருக்கும். சாட்சிக் கையெழுத்து என்றால் கூடுதல் லாபம்: அது குமாஸ்தா எழுதியதல்ல, அவரே தன் பெயரை எழுதியது. மாவட்டத்தில் எங்கும் கிடைக்காத திருவிதாங்கூர் சர்க்கார் ஏடுகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். போகும்போது நீங்கள் வரைந்த எழுத்து அட்டவணைத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.